மேல்மாடியில் நின்ற சத்தம்

உப்பு லாரிகள் துறைமுகத்துக்குத் திரும்புகிற முக்கிலிருந்து கடலுக்கு எதிர்த்திசையில் நடந்தால் வருகிற லசாரஸ் நகரில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்குப் புருஷன் இருந்தான், பேர் செல்லத்துரை, உப்பு வியாபாரி, ஆனால் அவன் இருந்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டில், இன்னொருத்தியோடும் அவள் பெற்ற மகளோடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் இந்த வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் நேராகத் திருப்பி விட்டு, காப்பி குடித்து, கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவான். இது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் அவளிடம் இதைப் பற்றிப் பேசவில்லை, இதைப் பேச முடியாததால் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை, அப்படியே வருஷங்கள் ஓடி, கல்யாண வீட்டுப் பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு இலை ஆளில்லாமல் கிடப்பது வழக்கமாகிப் போனது.

அந்த ஆனி மாதத்தில் செல்லத்துரையின் பேருக்கு வந்த ஒரு பார்சலைக் கொரியர்காரர் பழைய விலாசத்தில், அதாவது அவள் வீட்டில், கொடுத்துவிட்டுப் போனார். அவள் பிரித்தாள். உள்ளே கைக்குழந்தை அளவில், நாலு தந்தியோடு, வெளிர்மஞ்சள் மரத்தில் சின்னக் கிடார் மாதிரி ஒன்று இருந்தது. அது தனக்கு வந்ததில்லை என்று பிரிக்கும்போதே அவளுக்குத் தெரியும். சாயந்திரம் அவன் போன் பண்ணினான்.

"ஏளா, எம் பேருக்கு அங்க பார்சல் ஏதும் வந்துச்சா?"

"என்ன பார்சல்?"

"ஒண்ணுமில்ல. புள்ளைக்கு ஒரு சாமான் சொல்லியிருந்தேன்."

"இங்க ஒண்ணும் வரல," என்றாள் தங்கபுஷ்பம். மடியில் அது கிடந்தது. அவள் மூச்சு விட்டபோது தந்திகள் லேசாக அதிர்ந்தன, அவன் காதில் விழுந்துவிடுமோ என்று உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

அதற்கு என்ன பேர் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பேக்கரியில் ரொட்டி வாங்கப் போன இடத்தில், மக்ரூன் டப்பாக்களுக்கு மேலே ஒட்டியிருந்த ஒரு தாளில் அதே வாத்தியத்தின் படத்தைப் பார்த்துத்தான் யுகுலேலே என்று தெரிந்துகொண்டாள். சனிக்கிழமை மாலை, நலச்சங்கக் கட்டடம், மேல்மாடி, புதியவர்களும் வரலாம் என்று போட்டிருந்தது. புதியவர்களும் வரலாம் என்பதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அவளை எங்கேயும் வரச் சொல்லி அச்சடித்துக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

சனிக்கிழமை அவள் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, வாத்தியத்தை ஒரு துண்டில் சுற்றி, இடுப்பில் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனாள். மேல்மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒரு பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிளாடிஸ் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெளிநாட்டில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, வரும்போது இந்த வாத்தியத்தையும் இந்த யோசனையையும் கொண்டு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த மரியசிங்கம், அந்தப் பெரிய கைகளுக்குள் யுகுலேலே இருக்கிற இடம் தெரியவில்லை.

"வாங்க வாங்க," என்றார் கிளாடிஸ் டீச்சர். "எந்த வீடு நீங்க?"

"தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்புல. செல்லத்துரை வீடு."

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் தந்திகளைப் பார்த்தார்கள். கிளாடிஸ் டீச்சர் ஜன்னலோரம் இருந்த கடைசி நாற்காலியைக் காட்டினார். அதற்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் காற்று வரவில்லை என்று சொல்லி எழுந்து வேறு பக்கம் போனாள்.

மற்றவர்களின் வாத்தியத்தையெல்லாம் டீச்சர் செல்போனை வைத்துச் சுருதி பார்த்துக் கொடுத்தார். தங்கபுஷ்பத்திடம் வரும்போது நேரமாகிவிட்டது. "நீங்க இன்னிக்குத்தானே வந்திருக்கிய, சும்மா தடவிக்கிட்டு இருங்க போதும்," என்றார். மோதிர விரலை அடித்தந்தியின் மூன்றாவது கட்டத்தில் வைக்க வேண்டும், கட்டைவிரலால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எல்லோரும் இழுத்தார்கள். தங்கபுஷ்பமும் இழுத்தாள்.

எல்லோருடைய சத்தமும் எழுந்து, மின்விசிறிக் காற்றில் கலைந்து, சத்தங்கள் போகிற இடத்துக்குப் போயிற்று. அவளுடைய சத்தம் போகவில்லை. அவள் தலைக்கு மூன்று சாண் மேலே, கொஞ்சம் தளர்ந்த தந்தியின் கொஞ்சம் சரிந்த சத்தமாக, கூடாமலும் குறையாமலும் அங்கேயே நின்றது.

"தந்தியப் பொத்துங்க," என்றார் டீச்சர்.

"பொத்திட்டேன் டீச்சர்."

டீச்சர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார், ஜன்னலைத் திறந்தார்கள். விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார், கூட்டி வைத்தார்கள். மரியசிங்கம் ஒரு நாற்காலியில் ஏறி, சத்தம் இருந்த இடத்தில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "வெதுவெதுன்னு இருக்கு," என்றார். பிறகு டீ நேரம் வந்துவிட்டதால் எல்லோரும் டீ குடித்தார்கள், முட்டை பப்ஸ் சாப்பிட்டார்கள், தங்கபுஷ்பத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள், அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள், அழுகிற பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போக முடியாத தாயைப் போல.

மறுநாள் நலச்சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கேட்டுவிட்டுப் போனார்கள். கரண்டு வேலை தெரிந்த ஒருவர் மெயினை அணைத்துப் பார்த்து, இது வயரில் ஓடுகிற சத்தம் இல்லை என்றார். பூசாரி கற்பூரம் காட்டினார், உபதேசியார் ஜெபம் பண்ணினார், இரண்டுக்கும் அது மசியவில்லை. காவல்காரர் சுடலைமுத்து ஒட்டடைக் கம்பால் தள்ளிப் பார்த்தார். கம்பு அதன் வழியாகப் போய் வந்தது, நுனியில் மட்டும் கொஞ்ச நேரம் நடுக்கம் இருந்தது. அதன் பிறகு சுவரில் ஓதம் ஏறினால் எப்படிக் கொஞ்ச நாள் பேசிவிட்டு அப்புறம் பீரோவை நகர்த்தி மறைத்துக்கொள்வார்களோ அப்படி அந்தத் தெரு அதைப் பழகிக்கொண்டது. டியூஷன் பிள்ளைகள் அதற்கு நேர்கீழே டம்ளரில் தண்ணீர் வைத்து வளையம் வளையமாக அலை எழுவதை வேடிக்கை பார்த்தார்கள், பல்வலிக்காரர் ஒருவர் நாற்காலியில் ஏறிக் கன்னத்தை அதில் காட்டிவிட்டு வலி விட்டதென்றார், மத்தியானத்தில் தூங்காத கைக்குழந்தைகளைத் தூக்கி வந்த தாய்மார்கள் அதற்குக் கீழே துணி விரித்துப் போட்டுவிட்டுச் சீரியல் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, குடும்பத்தில் சுருதி இல்லாதவள் கையில் வாத்தியத்தைக் கொடுத்தால் அது வேறு எப்படி ஒலிக்கும் என்றும், சனியன் பிடித்த கை, தொட்டது எதுவும் இடத்தை விட்டு நகராது, புருஷனைத் தவிர என்றும் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகள் எதுவும் அங்கே நிற்கவில்லை, ஆனால் தங்கபுஷ்பத்தின் வீடுவரை வந்தன.

ஒரு புதன்கிழமை கிளாடிஸ் டீச்சரே வந்தார். கையில் ஒரு டப்பா மக்ரூன்.

"உங்களைத் தப்பா சொல்லல பாத்துக்கிடுங்க," என்றார். "நாங்க வாசிக்குத பாட்டு எதுவும் அதோட சேர மாட்டேங்கு. ஒண்ணு அது போகணும், இல்ல நாங்க போகணும். நீங்க வந்து உக்காந்தா அது இன்னும் பலப்படுமோன்னு சில பேருக்குப் பயம்."

"நீங்க என்ன நினைக்கிய டீச்சர்?"

"எனக்கென்ன. குழுன்னு இருந்தா நாலு பேர் சொல்லுததத்தான் கேக்கணும். அது அடங்கட்டும், நானே வந்து கூப்பிடுதேன். அதுவரைக்கும் வீட்டுல பழகுங்க." டீச்சர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "உங்களுக்கு இங்க இடைஞ்சல் பண்ண ஆளும் இல்ல."

இடைஞ்சல் பண்ண ஆளில்லாத வீட்டில் தங்கபுஷ்பம் பழகினாள். சமைத்து முடித்த கையோடு எடுப்பாள், விளக்கு வைக்கிற வரைக்கும் விடமாட்டாள், விரல் நுனியில் தோல் உரிந்து பிறகு காய்த்துப்போனது. செல்போனில் பார்த்துச் சுருதி சேர்க்கப் படித்தாள், தந்தி தளர்வதும் இறுகுவதும் காதாலேயே தெரிய ஆரம்பித்தது, ஒரு சுரப்பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு விரல்கள் முன்போல் தடுமாறாமல் நகர்ந்தன. அந்த வீட்டிலும் ஒரு சத்தம் நிற்கட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அடுப்படியில் வாசித்துப் பார்த்தாள், கட்டிலுக்கு மேலே வாசித்துப் பார்த்தாள், வேண்டுமென்றே தந்தியைத் தளர்த்தியும் வாசித்துப் பார்த்தாள். எல்லாச் சத்தமும் நல்ல விருந்தாளிகளைப் போல வந்து, கொஞ்ச நேரம் இருந்து, சொல்லிக்கொண்டு போயின. அன்றைக்கு அந்த அறையில் தன்னிடமிருந்து என்ன வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. பயத்தில் வந்தது என்று நினைத்தாள். ஆசையில் வந்தது என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

டீச்சர் கூப்பிட வரவில்லை.

மேல்மாடியில் நடந்தது வேறு. ஒரு சனிக்கிழமை மரியசிங்கம் அலுத்துப்போய், போகாத சத்தத்தோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று தன் நாலு தந்தியையும் அதற்குத் தோதாக இறக்கிக்கொண்டார். இறக்கி வாசித்தால் தேவலையாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரும் இறக்கினார். மாதம் முடிவதற்குள் எல்லோருமே இறக்கியிருந்தார்கள், அப்படி இறக்கி வாசித்த பாட்டுகளில் முன்பு இல்லாத ஒரு சோகமும் இழைவும் வந்து சேர்ந்தன, கீழே தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள், துறைமுகத்து விழா மேடைக்குக் கூப்பிட்டார்கள், எங்கே போனாலும் லசாரஸ் நகர்க்காரர்கள் தந்தி கட்டுகிற விதமே தனி என்று பேச்சாயிற்று. தங்கபுஷ்பத்தினுடையதாக இருந்தவரைக்கும் எல்லோரும் அதைச் சத்தம் என்றுதான் சொன்னார்கள். அவள் போன பிறகு சுரம் என்றார்கள். துறைமுக மேடை ஏறி இறங்கிய பிறகு நாதம் என்றார்கள், அதற்குக் கீழே செருப்போடு நிற்கக்கூடாது என்று ஒரு வழக்கமும், வாசிக்கத் தொடங்குமுன் எல்லோரும் கண்ணை மூடி ஒரு நிமிஷம் அதைக் கேட்க வேண்டும் என்று இன்னொரு வழக்கமும் வந்தன.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, தங்கபுஷ்பம் யாரும் கூப்பிடாமலே போனாள். படியேறும்போதே அதைக் கேட்டாள். செருப்பை மாட்டியபடி உள்ளே காலை வைத்தவளை நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தடுத்தார்கள். அவள் வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தாள்.

ஜன்னலோர நாற்காலியில் பத்தொன்பது இருபது வயசில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில், தங்கபுஷ்பம் கொண்டு வந்திருந்ததைப் போலவே ஒரு வெளிர்மஞ்சள் வாத்தியம். அவள் எழுந்து நின்றாள்.

"பெரியம்மா," என்றாள். "நான் அபிஷா. செல்லத்துரை மக."

தங்கபுஷ்பம் அவளைப் பார்த்தாள். செல்லத்துரையின் மூக்கு, செல்லத்துரையின் அகலமான நெற்றி. அதில் ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"உக்காரு," என்றாள்.

"நம்ம ரெண்டு பேர்தும் ஒண்ணுபோலயே இருக்கு பெரியம்மா. அப்பா முதல்ல வாங்குனது வழியில தொலஞ்சு போச்சு, இது ரெண்டாவது வாங்குனது."

"அப்படியா," என்றாள் தங்கபுஷ்பம்.

அவள் வட்டத்துக்கு வெளியே கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் தொடங்கியதும் தானும் தொடங்கினாள். விரல்கள் பிசகவில்லை. சுருதி துல்லியமாக இருந்தது. ஆனால் அந்த அறையில் அவளுடைய துல்லியம் ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றோடும் முட்டியது, சோற்றில் பல்லில் கடிபட்ட கல் மாதிரி, ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க தந்தி சேரலியே," என்றார் கிளாடிஸ் டீச்சர்.

"சரியாத்தான் இருக்கு டீச்சர். நல்லாப் பாத்துத்தான் கொண்டாந்தேன்."

"இங்க வந்தா இங்க உள்ள நாதத்துக்குத்தான் சேக்கணும். செல்போனுக்கு இல்ல."

"அது நான் வாசிச்சதுதானே டீச்சர்."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. டீச்சர் புரியாதவர்போல் புருவத்தைச் சுருக்கினார், நடிப்பு இல்லை, நிஜமாகவே அவருக்கு ஞாபகம் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. "நீங்களா? நீங்க வந்தது அதுக்குப் பெறகுல்லா. அது நம்ம மரியசிங்கம் அண்ணாச்சி வாசிச்சது. அன்னிக்கு இருந்தவங்க எல்லாருக்கும் தெரியுமே."

தெரியும் என்று தலைகள் அசைந்தன. தங்கபுஷ்பம் மரியசிங்கத்தைப் பார்த்தாள். அவர் தந்தி முறுக்குகிற திருகைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார், அந்தப் பெரிய கட்டைவிரல் திருகிலேயே தங்கிவிட்டது. "யார் வாசிச்சா என்ன," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "எல்லாருக்கும் பொதுதானே."

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கைக்குழந்தைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் போன பிறகு, தங்கபுஷ்பம் மேல்மாடியில் மணிபர்சைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிச் சுடலைமுத்துவிடம் சாவி வாங்கிக்கொண்டு ஏறினாள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். கூடத்தில், டிவிக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் ஒரு சத்தம் வீட்டில் இருக்கும், வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறந்தால் ஒரு சத்தம் இருக்கும். நாற்காலியில் ஏறி நின்று இரண்டு கையையும் உயர்த்தினாள். மரியசிங்கம் சொன்னதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது, நாடியைப் போல அடித்தது. ஒரு குருவியைப் பிடிப்பதுபோல் மெதுவாக, மெதுவாக உள்ளங்கைகளைச் சேர்த்தாள். கைகள் மூடியதும் அது நின்றது.

அவள் அசையாமல் நின்றாள். விரல்களைக் கொஞ்சமாகப் பிரித்துக் காதில் வைத்துப் பார்த்தாள். தந்தியைக் கையால் பொத்தினால் எப்படி அடங்குமோ அப்படி அடங்கியிருந்தது. இத்தனை மாதமாக எந்தக் கம்புக்கும் கற்பூரத்துக்கும் அடங்காதது, அவள் கை பட்டதும் அடங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே உப்பு லாரிகள் போயின. அறை பெரியதாகவும் ஓதம் பிடித்ததாகவும் இருந்தது. அவள் கீழே இறங்கி நாற்காலியைத் துடைத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

"கெடைச்சுதா யக்கா?" என்றார் சுடலைமுத்து.

"இல்ல. தொலஞ்சு போச்சு," என்றாள்.

சனிக்கிழமை வரைக்கும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எந்த நேரமும் நலச்சங்கத்துக்காரர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். பயந்தாள் என்றாலும், அந்தப் பயத்துக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. அது போய்விட்டது என்று தெரிந்ததும் அது யாருடையது என்று அவர்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும், அப்போது எல்லோர் முன்னாலும், என்னுடையது, நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லிவிடலாம் என்று வாசகத்தைக்கூட மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள். யாரும் தட்டவில்லை. தாய்மார்கள் மத்தியானம் பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள், பிள்ளைகள் தூங்கின.

சனிக்கிழமை மற்றவர்களுக்கு முன்பே அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருவராக வந்தார்கள். படியிலேயே செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்ததும் ஜன்னல் பக்கம் அண்ணாந்து பார்த்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்து, திருகுகளை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். எதோடு சேர்க்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் எல்லாத் தந்தியும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் இருந்தன, அவர்கள் விரல்களுக்கு அது பழகிப் போயிருந்தது. கிளாடிஸ் டீச்சர் கையைத் தூக்கினார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். விசிறி சுற்றியது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள்.

"இன்னிக்கு ரொம்பச் சுத்தமா இருக்குல்லா," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

"ரொம்ப," என்றார்கள்.

மரியசிங்கம் மட்டும் கண்ணைத் திறந்தார். ஜன்னலோரத்து வெறும் காற்றைப் பார்த்தார், பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஏதாவது சொல்லிவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அபிஷா எழுந்து வந்தாள். தன் நாற்காலிக்கு ஒட்டினாற்போல் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்தாள்.

"அங்க விசிறிச் சத்தம் பெரியம்மா. இங்க வாங்க. இதுக்கு நேர்கீழ உக்காந்தாத்தான் நல்லாக் கேக்கும்."

தங்கபுஷ்பம் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். அந்தப் பக்கத்து அம்மாள், முதல் நாள் காற்று வரவில்லை என்று எழுந்து போனவள், முழங்காலைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் விட்டாள்.

"கேக்குதா?" என்றாள் அபிஷா.

எல்லோரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டி வைத்திருந்த வாசகம் நாக்கு நுனிவரை வந்தது. அவள் திருகைப் பிடித்து, நன்றாக இருந்த தந்தியை, கேட்காத ஒன்றுக்குக் காது கொடுப்பவள்போல் தலையைச் சாய்த்துக்கொண்டு, மெல்ல மெல்லத் தளர்த்தினாள்.

"கேக்குது," என்றாள்.

"இப்பச் சேந்துட்டு," என்றார் கிளாடிஸ் டீச்சர், சந்தோஷமாக. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எல்லோரும் இழுத்தார்கள். தங்கபுஷ்பமும் இழுத்தாள். எல்லாச் சத்தமும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகப் போயிற்று. அன்றைக்குத்தான் அவள் அந்தக் குழுவில் சேர்ந்தாள்.